கல்லூரி மாணவரின் முதல் ஸ்போர்ட்ஸ் கார்: தேர்ந்தெடுக்கும் முறை

முதல் காராகவே ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புவதாக ஒரு கல்லூரி மாணவர் சொன்னால், வீட்டிலுள்ள பெரியவர்கள் பெரும்பாலும் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துவிடுவார்கள். அந்த ஆசையைத் தவறு என்று நான் கருதவில்லை. எடை குறைந்த, சக்தி அளவான, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் பழகுகிறவர், சாலையின் பிடிமானத்தையும் பிரேக்கின் எல்லையையும் கைகளாலும் பாதங்களாலும் உணரக் கற்றுக்கொள்கிறார். ஆனால் குதிரைத்திறனை மட்டும் பார்த்துக் கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடுகிறவர், சில மாதங்களில் டயர் மாற்றவும் வழியில்லாமல் வண்டியை நிறுத்தி வைக்க நேரிடும். இவ்விரண்டில் எது நிகழும் என்பது பெரும்பாலும் வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவதே முதல் படி.

முதலில் காப்பீடு, பிறகு வண்டி

உங்களுக்குப் பிடித்த நான்கைந்து மாடல்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டையும் எஞ்சின் அளவையும் குறித்துக்கொண்டு, அவற்றுக்கான காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் கேளுங்கள். இளம் வயது, குறைந்த அனுபவம், ஸ்போர்ட்ஸ் கார் ஆகிய மூன்றும் சேரும்போது தொகை எதிர்பாராத அளவுக்கு உயரக்கூடும். ஒரே மாடலில் சிறிய எஞ்சினுக்கும் பெரிய எஞ்சினுக்கும் இடையிலேயே பெரிய வேறுபாடு இருக்கும். வண்டி இரவில் எங்கே நிற்கும், ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பவையும் பல இடங்களில் கணக்கில் சேர்கின்றன. பட்டியலிலிருந்து பாதிப் பெயர்கள் இந்தக் கட்டத்திலேயே விழுந்துவிட்டால் வருந்த வேண்டாம். பணம் கொடுத்த பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது.

தொகையைக் குறைப்பதற்காக, வண்டியை முக்கியமாக ஓட்டுகிறவர் அப்பா அல்லது அம்மா என்று எழுதிவிட்டு மாணவரே நாள்தோறும் ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். காப்பீட்டு விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறாக எழுதினால், விபத்து நேர்ந்த நாளில் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியும். மற்றவருக்கு ஏற்பட்ட சேதமும் உங்கள் குடும்பத்தின் தலையில் விழக்கூடும்.

அடுத்து ஓர் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். எரிபொருளில் அளவு மட்டுமல்ல, வகையும் முக்கியம்: பல ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சின்கள் உயர் ஆக்டேன் பெட்ரோலையே கேட்கின்றன. டேங்க் மூடியின் உட்புறத்தில் அது எழுதப்பட்டிருக்கும். டயர்கள் அகலமாகவும் மென்மையான ரப்பராலும் இருப்பதால் சாதாரணக் காரின் டயரைவிட விரைவில் தேய்கின்றன. ஹோண்டா எஸ்2000, போர்ஷே பாக்ஸ்டர் போன்றவற்றில் முன்சக்கரத்துக்கு ஓர் அளவும் பின்சக்கரத்துக்கு அதைவிட அகலமான வேறோர் அளவும் இருப்பதால், முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்ய இயலாது. மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86 ஆகியவற்றில் நான்கும் ஒரே அளவு. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, மூன்றாண்டுக் கணக்கில் ஒரு முழு செட் டயரின் விலையாக வந்து நிற்கும்.

என் கருத்தில், உங்களிடம் 100 பங்கு பணம் இருந்தால் வண்டியின் விலைக்கு 65 பங்குக்கு மேல் போகக்கூடாது. வரி, பதிவு, முதலாண்டுக் காப்பீடு ஆகியவற்றுக்கு ஒரு பகுதி போக, குறைந்தது 15 பங்காவது தொடப்படாமல் வங்கியில் இருக்க வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் அந்தப் பணத்தை முதல் ஆண்டிலேயே கேட்கும் வாய்ப்பு அதிகம். கடன் வாங்குவதாயிருந்தால், தவணைக் காலம் படிப்பு முடியும் காலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத் தவணையைக் குறைப்பதற்காகக் காலத்தை நீட்டினால், வண்டியின் மதிப்பு கடன் பாக்கியைவிடக் கீழே இறங்கிவிடும். பிறகு விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. புதிய கார் மதிப்பை மிக வேகமாக இழப்பது முதல் சில ஆண்டுகளில்தான் என்பதால், அந்த இழப்பை வேறொருவர் ஏற்ற பிறகு வாங்குவதே மாணவருக்குப் பொருத்தம். இனி வருபவை பெரும்பாலும் பயன்படுத்திய வண்டியை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகின்றன.

சக்தியைவிட எடையைப் பாருங்கள்

விளம்பரங்கள் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. எடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டும் மகிழ்ச்சியின் பெரும்பகுதி எடையில்தான் இருக்கிறது. 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் எஞ்சின் சுமார் 115 குதிரைத்திறனே தந்தது; ஆனால் வண்டியின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ என்பதால், வளைவுகளில் அது சொன்ன சொல் கேட்டது. 2016இல் அந்த மாடலின் தயாரிப்பு 10 லட்சத்தைத் தாண்டியது. எடை குறைந்தால் பிரேக், டயர், கிளட்ச் எல்லாம் மெதுவாகத் தேய்கின்றன. எரிபொருளும் குறைவாகவே செலவாகிறது. தவறு செய்யும்போதும் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே செய்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்ற இயற்பியல் பாடத்தை நினைவில் வைத்தால், 300 குதிரைத்திறன் முதல் வண்டிக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எந்தச் சக்கரங்கள் வண்டியை நகர்த்துகின்றன என்பது அடுத்த கேள்வி. முன்சக்கர இயக்கமுள்ள வண்டி வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் நுழைந்தால், திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளிப்புறமாக விலகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கர இயக்கமுள்ள வண்டியில், வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை அவசரமாக மிதித்தால் பின்பகுதி வழுக்கி வெளியே வரும். அதைத் திருத்தப் பயிற்சி வேண்டும். எஞ்சின் நடுவில் அமைந்த வண்டிகளில் இது இன்னும் திடீரென்று நிகழ்கிறது. 1989இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனேயே சுழலக்கூடியது என்று பெயர் பெற்றது. அழகான வண்டிதான், இருந்தாலும் முதல் வண்டியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஸ்2000க்கும் இதையே சொல்வேன். 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை பாடும். ஆனால் அதன் தொடக்க ஆண்டு வண்டிகளில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இல்லை.

இ.எஸ்.சி. எனப்படும் அந்தக் கட்டுப்பாடு, வண்டி ஓட்டுநர் திருப்பிய திசையிலிருந்து விலகும்போது தனித்தனிச் சக்கரத்தில் தானாகவே பிரேக் போட்டு வண்டியை நேராக்குகிறது. வேறு வாகனம் சம்பந்தப்படாமல் தானாக நிலைதடுமாறி நேரும் விபத்துகளில் உயிரிழக்கும் அபாயத்தை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்பது அமெரிக்க ஆய்வுகளின் முடிவு. அங்கே 2012 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்கள் அனைத்திலும் அது கட்டாயம். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தாலும், இ.எஸ்.சி. இல்லாத வண்டியை முதல் வண்டியாக வாங்காதீர்கள். அப்படிப் பார்த்தால் நான் மேலே புகழ்ந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5ம் பட்டியலிலிருந்து விலகுகிறது. அதன் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் இ.எஸ்.சி. உள்ள வண்டியைத் தேடுவதே முறை.

2012இல் ஒன்றாக வெளிவந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்ற இரட்டையரையும் தயக்கமின்றிச் சொல்வேன். 2 லிட்டர், 200 குதிரைத்திறன், சுமார் 1,250 கிலோ. சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் அமைந்திருப்பதால் எடை தாழ்வாக இருக்கிறது. பின்னிருக்கை மனிதருக்குப் போதாது. மடக்கினால் பெட்டிகளுக்குப் போதும். தொடக்க ஆண்டு வண்டிகளின் வால்வு ஸ்பிரிங்குகளில் குறை இருந்ததால், அவற்றை மாற்றித் தர 2018இல் நிறுவனங்கள் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. எஞ்சினைத் திறந்து செய்யும் வேலை அது என்பதால், செய்யப்பட்டதா, எங்கே செய்யப்பட்டது என்று கேட்டு ஆவணம் பாருங்கள்.

மூன்று நண்பர்களையும் விடுதிச் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் தேவை உள்ளவருக்கு, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற வேக ஹேட்ச்பேக்குகளே பொருத்தம். அவை ஸ்போர்ட்ஸ் காரே அல்ல என்று வாதிடுபவர்கள் உண்டு. 1976இல் முதல் ஜிடிஐ வந்த நாளிலிருந்து, ஒரே வண்டியில் நாள்தோறும் வேலையும் வார இறுதியில் மகிழ்ச்சியும் கிடைக்கும் என்பதை அந்த வகை நிரூபித்து வருகிறது. இரண்டாவது வண்டி வைத்துக்கொள்ள வழியில்லாத மாணவருக்கு அதுவே பெரிது.

ஒரு பொறியை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் மிக விலையுயர்ந்ததாக இருந்த வண்டி, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாதாரணக் காரின் விலைக்கு இறங்கி வந்து நிற்கும். வண்டியின் விலை இறங்குகிறதே தவிர, உதிரி பாகங்களின் விலை இறங்குவதில்லை. 1996இல் வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டரின் எஞ்சினுள் இடைத்தண்டு பேரிங் உடைந்தால் எஞ்சின் முழுவதுமே பாழாகலாம். 2003 முதல் 2012 வரை தயாரான மாஸ்டா ஆர்எக்ஸ்-8இன் சுழல் எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலியால் இயங்குவது; வடிவமைப்பின்படியே ஆயிலைக் குடிக்கும், சுழலியின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் குறைந்து எஞ்சினையே புதுப்பிக்க வேண்டிவரும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இவற்றின் பக்கம் போகாதீர்கள்.

உட்கார்ந்து பார்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரை மணி நேரம் இருக்கையில் அமர்ந்திருங்கள். தலை கூரையில் இடிக்கிறதா, கிளட்ச்சை முழுவதும் மிதிக்கும்போது முழங்கால் சிறிது மடங்கியே இருக்கிறதா, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால் பக்கத்து வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் நாள்தோறும் போகும் பாதையின் வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுமா என்பதையும் யோசியுங்கள்.

அந்த ஒரு வண்டி

மாடலைத் தீர்மானித்த பிறகுதான் உண்மையான தேடல் தொடங்குகிறது, ஏனென்றால் நீங்கள் வாங்கப்போவது ஒரு மாடலை அல்ல, ஒருவர் பல ஆண்டுகள் ஓட்டிய ஒரு குறிப்பிட்ட வண்டியை. ஸ்போர்ட்ஸ் கார்கள் மற்ற கார்களைவிடக் கடுமையாக ஓட்டப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டே தேட வேண்டும். மாற்றங்கள் செய்யப்படாத வண்டியே வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். தாழ்த்தப்பட்ட ஸ்பிரிங், சத்தம் கூட்டிய சைலன்ஸர், கணினி நிரலை மாற்றி ஏற்றிய சக்தி ஆகியவை பார்க்கவும் கேட்கவும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அவற்றைச் செய்தவர் யார், எவ்வளவு ஒழுங்காகச் செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. காப்பீட்டு நிறுவனத்திடம் ஒவ்வொரு மாற்றத்தையும் தெரிவிக்கவும் வேண்டியிருக்கும்.

நேரில் போவதற்கு முன் ஆவணங்களைக் கேளுங்கள். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடிச்சட்ட எண், பதிவுச் சான்றிதழிலும் வண்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வீஸ் ரசீதுகளில் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் படிப்படியாக ஏறிவருகின்றனவா என்று பாருங்கள். நடுவில் இரண்டாண்டு இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். வண்டியின் மேல் கடன் பாக்கி உள்ளதா, விபத்தில் முழுச் சேதம் என்று அறிவிக்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வந்ததா என்பதையும் உங்கள் நாட்டில் உள்ள பதிவேட்டு வசதி வழியாகச் சரிபாருங்கள்.

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வண்டியைப் பார்க்க வேண்டும். ஈரமான பெயின்ட் குறைகளை மறைத்துவிடும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். போனவுடன் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.

கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் ஓரங்களில் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருக்கிறதா, முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டின் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு உண்டா, ரப்பர் விளிம்புகளில் பெயின்ட் தெறித்திருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டின் மேல் நகர்த்தினால், பள்ளத்தை நிரப்பும் பட்டி (புட்டி) தடிமனாகப் பூசப்பட்ட இடத்தில் அது ஒட்டாது. டிக்கியின் விரிப்பைத் தூக்கிக் கீழே உள்ள தகட்டில் மடிப்போ புதிய வெல்டிங்கோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திறந்த கூரை வண்டிகளில் நீர் வடியும் துளைகள் அடைபட்டால் நீர் கதவுக்குக் கீழுள்ள சட்டத்துக்குள் தேங்கித் துருவை உண்டாக்கும். பழைய எம்எக்ஸ்-5களில் பின்சக்கரத்துக்கு முன்னுள்ள பகுதியை அழுத்திப் பார்ப்பது இதனால்தான்.

டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நன்றாகப் பட்டை இருந்தாலும் பத்தாண்டான டயர் பயனற்றது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், தவறியிருக்கிறது அல்லது சஸ்பென்ஷன் அடிபட்டிருக்கிறது. நான்கும் நான்கு கம்பெனியின் மலிவான டயர்களாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே சிக்கனம் பார்த்தவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். இந்த ஒரு அடையாளத்தை நான் வேறெதையும்விட அதிகமாக நம்புகிறேன்.

ஓடோமீட்டர் குறைந்த கிலோமீட்டரைக் காட்டும்போது, பெடல் ரப்பர் வழவழப்பாகவும், ஓட்டுநர் இருக்கையின் வெளிவிளிம்பு கிழிந்தும், ஸ்டீயரிங்கின் தோல் பளபளத்தும் இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாலாடை போன்ற படிவு இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய தூரமே ஓடிய வண்டியில் ஈரத்தாலும் அது வரலாம், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலந்ததாலும் வரலாம், ஆகவே மெக்கானிக்கிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதையும், நிற்காமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ட் எரிவதையும், கறுப்புப் புகை பெட்ரோல் அளவுக்கு மீறிப் போவதையும் காட்டும். ஓட்டிப் பார்க்கும்போது வானொலியை அணைத்து வையுங்கள். குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியருக்கு மாற்றும்போது உறுமினால் கியர்பெட்டி தேய்ந்திருக்கிறது. உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. காலியான நேர்ச்சாலையில் உறுதியாகப் பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கவோ ஸ்டீயரிங் நடுங்கவோ கூடாது.

இதன் பிறகு, விற்பவருக்குத் தெரிந்தவராக இல்லாத மெக்கானிக் ஒருவரிடம் பணம் கொடுத்து முழுச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வண்டியின் கணினியில் ஸ்கேனரைச் செருகும்போது, பிழைக் குறியீடு இல்லை என்பது மட்டும் போதாது. கணினியின் தன்சோதனைகள் முடிந்துள்ளனவா என்றும் கேளுங்கள். அவை முடியாமல் இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு யாரோ பழைய குறியீடுகளை அழித்திருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பேரமும் கையெழுத்தும்

முதல் முறை பார்க்கப் போகும்போது பணத்தை எடுத்துச் செல்லாதீர்கள். அந்த வண்டியின் மேல் ஆசையில்லாத ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, சரிசெய்யும் செலவை விலையிலிருந்து கழிக்கக் கேட்பது கௌரவமான பேரம். குளிரும் மழையும் மிகுந்த மாதங்களில் திறந்த கூரை வண்டியைக் கேட்பவர் குறைவு என்பதால், அவசரமில்லாதவர் அந்தக் காலத்தில் தேடலாம். பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். உரிமை மாற்றப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிறகு, உங்கள் பெயரில் காப்பீடு நடைமுறைக்கு வந்த பிறகுதான் வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

முந்தையவர் என்ன சொல்லியிருந்தாலும், எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும், கியர் ஆயிலையும், பிரேக் ஆயிலையும் முதல் மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரம் கலந்த ஆயில் சூடேறும்போது ஆவிக் குமிழ்கள் உண்டாகிப் பெடல் தரைவரை இறங்கிவிடும். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்து, மாற்றியதற்கான ரசீது இல்லாவிட்டால் அதையும் மாற்றுங்கள். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும்.

வண்டியில் செலவழிக்கத் தோன்றினால் முதலில் நல்ல டயர், அடுத்து நல்ல பிரேக் பேட், அதற்கும் அடுத்து ஓட்டுநர் பயிற்சி. சக்தியைக் கூட்டும் எதையும் ஓராண்டு தொடாதீர்கள். இ.எஸ்.சி. பொத்தானைப் பொதுச்சாலையில் ஒருபோதும் அணைக்காதீர்கள். முதல் சில மாதங்கள் நண்பர்களை ஏற்றிக்கொண்டு இரவில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்; இளம் ஓட்டுநரோடு இளம் பயணிகள் சேரும்போது ஆபத்து கூடுகிறது என்பதால்தான் பல நாடுகள் புதிய உரிமம் பெற்றவருக்கு அதைச் சட்டத்தாலேயே கட்டுப்படுத்துகின்றன.

முதல் மழை வரும்போது, அனுமதி பெற்ற காலியான பெரிய மைதானத்துக்கோ பயிற்சித் தளத்துக்கோ அனுபவமுள்ள ஒருவருடன் போங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுவதும் மிதித்து, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலடியில் துடிப்பதை உணருங்கள். மீண்டும் ஒருமுறை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பி, வண்டி திரும்புவதைப் பாருங்கள். ஐந்தாறு முறை செய்த பிறகு கால் தயங்காமல் மிதிக்கும். அதன் பிறகு நெடுஞ்சாலைக்குப் போகலாம்.